சத்யம்: கணக்கில் வராத சொத்து

2009 ஜனவரி 7, புதன்கிழமை காலை. மும்பைப் பங்குச்சந்தையில் வர்த்தகம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஹைதராபாத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பி. ராமலிங்க ராஜு. முந்தைய செப்டம்பர் 30 நிலவரப்படி ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் இருப்பதாக நிறுவனம் கணக்குக் காட்டியிருந்தது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார் ராஜு. அந்த இல்லாத பணத்துக்குச் சேர்ந்ததாக எழுதிய 376 கோடி வட்டியும் பொய். 1,230 கோடி ரூபாய்க் கடன் கணக்கில் ஏறவே இல்லை. வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கியில் 490 கோடி கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. 649 கோடி செயல்பாட்டு லாபம் என்று அறிவித்த காலாண்டில் நிஜமாகக் கிடைத்தது 61 கோடி.

முந்தைய நாள் 179 ரூபாயில் முடிந்திருந்த பங்கு, அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு கட்டத்தில் 7 ரூபாய்க்கும் கீழே போனது. இந்தியாவின் நான்காவது பெரிய மென்பொருள் நிறுவனம் அது. 53,000 ஊழியர்கள், 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை, நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியல். இன்னும் ஒரு வாரம் தாங்காது என்று அன்று பேசாதவர்கள் குறைவு.

ஆனால் நூறு நாட்களுக்குள், ஏப்ரல் 13-ஆம் தேதி, அதே நிறுவனத்தின் பங்கை 58 ரூபாய் கொடுத்து வாங்க ஒருவர் முன்வந்தார். அதே கட்டடங்கள், அதே பொறியாளர்கள், அதே வாடிக்கையாளர்கள்தான். தொலைந்த பணம் திரும்பி வரவில்லை. சரியான கணக்குப் புத்தகம்கூட அப்போது தயாராகியிருக்கவில்லை. மாறியது ஒன்றுதான்: இயக்குநர் குழுவின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

ஒரு நிறுவனத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, நம் நாட்டில் இதைவிடத் தெளிவான விடை கிடைத்ததில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. இன்று சின்ன ஊர்களில்கூட டீமேட் கணக்கும் எஸ்.ஐ.பி.யும் வைத்திருக்கிறார்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணம், முகம் தெரியாத நிறுவனங்களிடம் போய்ச் சேர்கிறது. அந்தப் பணத்துக்குக் காவல் யார் என்று அறிவது அவர்கள் உரிமை.

உண்மையாகவே கட்டிய வீடு

ராஜுவைத் தொடக்கத்திலிருந்தே மோசடிக்காரர் என்று எழுதிவிட்டால் கதை எளிதாகிவிடும். உண்மை அப்படி இல்லை. மேற்கு கோதாவரி மாவட்டத்துக்காரர். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்துத் திரும்பி, நூற்பாலை, கட்டுமானம் என்று தொழில் செய்தவர். 1987-இல் உறவினர்களோடு சேர்ந்து சத்யத்தைத் தொடங்கினார். இந்திய மென்பொருள் என்றால் வெளிநாட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத காலம் அது. நான்கே ஆண்டுகளில் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனத்தை வாடிக்கையாளராகப் பிடித்தார். 1992-இல் பொதுமக்களிடம் பங்கு விற்றார். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளின் தேதி குழம்பிவிடும் என்று உலகம் அஞ்சியபோது கிடைத்த வேலையில், மற்ற இந்திய நிறுவனங்களைப் போலவே சத்யமும் விறுவிறுவென வளர்ந்தது.

சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயர் இன்னொரு வழியிலும் பழக்கம். சத்யத்தின் கிளையாகத் தொடங்கிய சத்யம் இன்ஃபோவே, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. பின்னாளில் அதற்கு சிஃபி என்று பெயர். 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான முதல் இந்திய இணைய நிறுவனம் அதுதான். அதன் ‘ஐ-வே’ பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து முதல் மின்னஞ்சல் முகவரியை உருவாக்கிக்கொண்ட ஒரு தலைமுறையே இங்கே உண்டு.

இதெல்லாம் நிஜமான தொழில்முனைவு. நிஜமான வேலைவாய்ப்பு. கல்லூரி வளாகத் தேர்வில் சத்யத்தின் ஆஃபர் லெட்டர் கிடைத்தால் வீடே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் பொய் இல்லை.

பெயர் சேர்ந்த விதம்

தொழிலோடு பெயரும் சேர்ந்தது. 2001-இல் தந்தையின் பெயரில் பைர்ராஜு அறக்கட்டளையைத் தொடங்கி, ஆந்திர கிராமங்களில் குடிநீர், மருத்துவம், கல்வி என்று வேலை செய்தார் ராஜு. 2005-இல் ஹைதராபாத்தில் அவர் தொடங்கிய அவசர மருத்துவ உதவி நிறுவனம்தான் 108 ஆம்புலன்ஸ். 2008-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. இன்றும் நம் தெருவில் சைரன் ஒலிக்க ஓடுகிறதே, அதே 108. ராஜு வீழ்ந்த பிறகு ஜி.வி.கே. குழுமம் அதை ஏற்றுக்கொண்டதால் அந்தச் சேவை நிற்கவில்லை. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் நிஜமானவை. எவருடைய குற்றமும் அந்த நன்மையை அழித்துவிடாது. ஒருவர் செய்த நன்மையை அவருடைய கணக்குக்குச் சான்றிதழாக எடுத்துக்கொண்டதுதான் நாம் எல்லோரும் செய்த தவறு.

2007-இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் சிறந்த தொழில்முனைவோர் விருது ராஜுவுக்குக் கிடைத்தது. 2008 செப்டம்பரில், நல்ல நிறுவன நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது சத்யத்துக்குக் கிடைத்தது. வாக்குமூலக் கடிதம் வருவதற்கு நான்கே மாதங்களுக்கு முன்னால்! பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இயக்குநர் குழுவும் சாதாரணமானதல்ல. பென்டியம் சிப்பின் தந்தை என்று அழைக்கப்படும் வினோத் தாம், ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பலேபு, இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன் ராம்மோகன் ராவ், மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.ஆர். பிரசாத். இத்தனை அறிவாளிகள் இருக்கும் இடத்தில் தவறு நடக்காது என்று முதலீட்டாளர்கள் நினைத்தார்கள். பெரிய பெயர்கள் குழுவில் இருப்பது ஒன்று. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் கேள்வி கேட்பது இன்னொன்று. ஆண்டறிக்கையின் புகைப்படப் பக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பொய் வளர்ந்த விதம்

சி.பி.ஐ. பின்னால் கண்டுபிடித்தது இது: விலைப்பட்டியல்களைத் தயாரிக்கும் கணினி அமைப்புக்குள் ‘சூப்பர் யூசர்’ என்ற தனி வாசலைத் திறந்து, 7,561 போலி இன்வாய்ஸ்களை நுழைத்திருந்தார்கள். செய்யாத வேலைக்குப் பில். அந்தப் பில்கள் சம்பந்தப்பட்ட பிரிவு ஊழியர்களின் கண்ணுக்கே தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன. பில் போட்டால் பணம் வந்திருக்க வேண்டுமே? அதற்காக வங்கி அறிக்கைகளையும் வைப்பு ரசீதுகளையும் போலியாகத் தயாரித்தார்கள். ஒரு காலாண்டில் சொன்ன பொய்க்கு அடுத்த காலாண்டில் அதைவிடப் பெரிய பொய் தேவைப்பட்டது. புலி மேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிப்பதைப் போல என்று ராஜுவே அந்தக் கடிதத்தில் எழுதினார்.

எதற்காக? லாபம் குறைந்தால் பங்கு விலை சரியும். விலை சரிந்தால், கையில் குறைந்த பங்கே வைத்திருக்கும் புரமோட்டர்களிடமிருந்து, அதாவது நிறுவனர் குடும்பத்திடமிருந்து, நிறுவனத்தை யாராவது வாங்கிவிடலாம். அப்போது கணக்கு அம்பலமாகும். கடிதத்தில் அவர் சொன்ன காரணம் இது. ஆனால் குடும்பத்தின் பங்குகள் அடமானத்தில் இருந்ததும் விலை விழும்போது கடன் கொடுத்தவர்கள் அவற்றை விற்றதும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

இந்தக் கதையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது தணிக்கை. வங்கியில் 5,000 கோடி இருக்கிறதா என்று அறிய மேதாவித்தனம் தேவையில்லை. தணிக்கையாளர் நேரடியாக வங்கிக்குக் கடிதம் எழுதி, பதிலை நேரடியாகத் தன் கையில் வாங்க வேண்டும். தணிக்கைப் பயிற்சிக்குச் சேரும் மாணவனுக்கே சொல்லித் தரும் பாடம். அந்தக் கடிதப் போக்குவரத்தை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று, அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011-இல் சத்யத்தின் தணிக்கையாளரான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியக் கிளைகள் மீது எடுத்த நடவடிக்கையில் சொன்னது. உலகப் புகழ்பெற்ற கையெழுத்து ஒன்று, அடியில் சரிபார்ப்பு இல்லாமல், ஆண்டு தோறும் விழுந்திருக்கிறது.

இருபத்து மூன்று நாட்கள்

சரிவு 2008 டிசம்பர் 16-ஆம் தேதி தொடங்கியது. மேதாஸ் பிராப்பர்டீஸ், மேதாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்க சத்யத்தின் இயக்குநர் குழு ஒருமனதாக ஒப்புதல் தந்தது. இரண்டும் ராஜு குடும்பத்தின் ரியல் எஸ்டேட், கட்டுமான நிறுவனங்கள். மென்பொருள் நிறுவனம் எதற்காகத் தலைவரின் மகன்கள் நடத்தும் நிலத் தொழிலை வாங்க வேண்டும்? ராஜு குடும்பத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர்கள் சில சந்தேகங்களை எழுப்பினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நியூயார்க்கில் பங்கு வைத்திருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே நாளில் அங்கே சத்யம் பாதிக்கு மேல் விழுந்தது. சில மணி நேரத்திலேயே நிறுவனம் முடிவைக் கைவிட்டது. இல்லாத ரொக்கத்தின் இடத்தில் இருக்கும் சொத்து ஒன்றை வைத்து ஓட்டையை அடைக்கும் கடைசி முயற்சி அது என்பது ராஜுவின் கடிதம் வந்தபோதுதான் வெளிப்பட்டது.

அதற்குள் இயக்குநர் ஒருவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் மின்னஞ்சலாகப் போயிருந்தது. கணக்கில் சொல்லும் பணம் வங்கியில் இல்லை என்றது அது. பெயர் சொல்ல அஞ்சிய யாரோ ஒருவர், எல்லா விருதுக் குழுக்களையும்விடத் தெளிவாக உண்மையைச் சொல்லியிருந்தார். டிசம்பர் 23 அன்று, தன் ஊழியர்களுக்கு முறையற்ற சலுகை தந்ததற்காக சத்யத்தை எட்டு ஆண்டுகள் ஒதுக்கிவைத்திருப்பதை உலக வங்கி உறுதிப்படுத்தியது. மாதக் கடைசியில் சுயேச்சை இயக்குநர்கள் நால்வர் அடுத்தடுத்து விலகினார்கள். வழிகாட்ட அமர்த்தப்பட்ட டி.எஸ்.பி. மெரில் லிஞ்ச், கணக்கில் முறைகேடு தென்படுகிறது என்று ஒதுங்கியது. ஜனவரி 7 அன்று கடிதம் வந்தது.

இருபது ஆண்டுகளில் சேர்ந்த பெயர், அதற்குத் தாங்கலாக ஒன்றும் இல்லாததால், 23 நாட்களில் போயிற்று.

ஆறு பேர்

இனிச் சொல்லப்போவது அதிகம் பேசப்படாத பகுதி. இதுதான் எனக்கு முக்கியம்.

அரசு அன்று இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்திருக்கலாம். சந்தையில் விழுந்ததைச் சந்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். அல்லது மக்கள் வரிப் பணத்தைக் கொட்டி நிறுவனத்தைத் தனதாக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. கம்பெனி சட்ட வாரியத்தை அணுகி, பழைய இயக்குநர் குழுவைக் கலைத்து, புதியவர்களை நியமிக்கும் அதிகாரத்தைப் பெற்றது. முதலில் மூவர்: ஹெச்.டி.எஃப்.சி.யின் தீபக் பரேக், நாஸ்காம் முன்னாள் தலைவர் கிரண் கார்னிக், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உத்தரவுகள் மீதான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தலைமை வகித்த சி. அச்சுதன். சில நாளில் இன்னும் மூவர்: இந்தியத் தொழில் கூட்டமைப்பின் தருண் தாஸ், எல்.ஐ.சி.யின் எஸ்.பி. மைனக், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி.என். மனோகரன்.

மனோகரன், இந்தியப் பட்டயக் கணக்காளர் சங்கத்தின் முன்னாள் தலைவர். தன் தொழிலின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தத் தொழிலுக்குள்ளிருந்தே ஒருவர் வந்து கணக்கை நேர் செய்ய உட்கார்ந்தார். 2010-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பின்னாளில் கனரா வங்கியின் தலைவராகவும் இருந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது முன்னால் நின்றது பெரிய தத்துவம் எதுவும் இல்லை, ஜனவரிச் சம்பளம். 53,000 குடும்பங்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கியை வேகமாக வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். சம்பளம் தவறவில்லை. பிறகு வங்கிகளிடமிருந்து 600 கோடி ரூபாய்க் கடன் வாங்கினார்கள். பழைய கணக்கைத் தோண்டி எடுக்க கே.பி.எம்.ஜி.யையும் டெலாய்ட்டையும் நியமித்தார்கள். தலைமை நிர்வாகியாக வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவரவில்லை. நிறுவனத்திலேயே நெடுநாள் வேலை பார்த்த ஏ.எஸ். மூர்த்தியை நியமித்தார்கள். ‘உங்களை நம்புகிறோம்’ என்று ஊழியர்களுக்குச் சொன்ன சேதி அது. வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார்கள். சிலர் போனார்கள், பெரும்பாலோர் இருந்தார்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கான தகவல் தொழில்நுட்பப் பணி அந்த நிறுவனத்திடமே இருந்தது.

விற்பனையை அவர்கள் நடத்திய முறை, நிர்வாகம் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டியது. முடிந்த கணக்கு இல்லாத நிறுவனத்தை எப்படி ஏலம் விடுவது? உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.பி. பரூச்சாவை மேற்பார்வைக்கு அழைத்தார்கள். மூடிய உறையில் விலை கேட்டார்கள். இரண்டாவது விலை முதல் விலையில் 90 சதவீதத்தைத் தொட்டால் மட்டுமே மறு ஏலம் என்று முன்கூட்டியே விதி வகுத்தார்கள். ஏற்கெனவே சத்யத்தில் கணிசமான பங்கு வைத்திருந்த எல் அண்ட் டி கேட்டது 45.90 ரூபாய். அமெரிக்க முதலீட்டாளர் வில்பர் ராஸ் கேட்டது 20 ரூபாய். டெக் மஹிந்திரா 58 ரூபாய். 90 சதவீதத்தை யாரும் எட்டவில்லை. அதே நாளில் முடிவு. 31 சதவீதப் பங்குக்கு 1,757 கோடி ரூபாய். யாருக்குச் சாதகம், யார் சிபாரிசு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. நம் நாட்டில் அரசு தலையிட்ட ஒரு விற்பனை இப்படி முடிவது எத்தனை அரிது!

வலி இல்லாமல் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கைமாறிய சில வாரங்களில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் குறைந்த சம்பளத்தில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார்கள். திருத்திய கணக்கு 2010 செப்டம்பரில்தான் வெளியானது. 2008-09 ஆண்டுக்கு மட்டும் 8,177 கோடி நஷ்டம். அமெரிக்க முதலீட்டாளர்களின் வழக்கை முடிக்க 12.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் தாங்கி நின்று, 2013-இல் டெக் மஹிந்திராவோடு முழுமையாக இணைந்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராமலிங்க ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

சட்டம் மாறியது, பழக்கம்?

சத்யம் விட்டுச்சென்ற தழும்பு 2013 கம்பெனிகள் சட்டத்தில் இருக்கிறது. பட்டியலிட்ட நிறுவனங்களின் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சை இயக்குநர்கள் இருக்க வேண்டும். ஒரே தணிக்கை நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடரக் கூடாது. தவறைச் சுட்டிக்காட்டும் ஊழியருக்கு வழியும் பாதுகாப்பும் வேண்டும். புரமோட்டர்கள் பங்கை அடமானம் வைத்தால் வெளியே சொல்ல வேண்டும் என்று செபி அந்த 2009 ஜனவரியிலேயே உத்தரவிட்டது. தணிக்கையாளர்களைக் கண்காணிக்கத் தனி ஆணையம் 2018-இல் வந்தது.

அதே 2018-இல் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. சில வாரங்களுக்கு முன்புவரை அதற்கு மிக உயர்ந்த ‘டிரிபிள் ஏ’ தரச் சான்று இருந்தது. அரசு சத்யத்தில் செய்ததையே செய்தது: பழைய குழுவை நீக்கி, உதய் கோட்டக் தலைமையில் புதிய குழுவை அமர்த்தியது. மருந்து தெரிந்திருக்கிறது. நோய் வராமல் தடுப்பதில்தான் இன்னும் பின்தங்கியிருக்கிறோம்.

காரணம், சுயேச்சை இயக்குநரைத் தேடிக் கொண்டுவருவது பெரும்பாலும் புரமோட்டரே. தன்னை அழைத்து வந்தவரிடம் கசப்பான கேள்வி கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? இங்கேதான் சிறு முதலீட்டாளர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2022 ஜனவரி முதல், பட்டியலிட்ட நிறுவனத்தில் சுயேச்சை இயக்குநரை நியமிக்கப் பொதுவாகச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதாவது எதிர்ப்பு வாக்கைப்போல் மூன்று மடங்காவது ஆதரவு வாக்கு வேண்டும். புரமோட்டரின் கையில் பாதிப் பங்கு இருந்தாலும் அவர் மட்டும் நினைத்தால் போதாது. மற்றவர்கள் வாக்களித்தால் அந்த வாக்குக்கு எடை உண்டு. மின்னணு வாக்கெடுப்புக்கான அழைப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறது. பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இந்த ஆண்டு ஆண்டறிக்கை வரும்போது தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். தலைவரின் உரையைத் தாண்டிச் செல்லுங்கள். தணிக்கையாளர் அறிக்கையில் என்ன குறை சொல்லியிருக்கிறது, நடுவில் தணிக்கையாளர் விலகினாரா, புரமோட்டர் குடும்ப நிறுவனங்களோடு என்ன கொடுக்கல் வாங்கல், எவ்வளவு பங்கு அடமானத்தில் இருக்கிறது, எந்தச் சுயேச்சை இயக்குநர் ஏன் விலகினார் என்று பாருங்கள். புரியாத இடத்தை, விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, நூறு பங்கே வைத்திருந்தாலும், உங்கள் வாக்கைப் போடுங்கள்.